காசு நாம குடுத்தோம், வீடியோ யாருக்குச் சொந்தம்?

வாசகி கேள்வி: காரைக்குடில வீட்டுலயே பலகாரம் செஞ்சு ஆன்லைன்ல விக்கிறேன். போன வருஷம் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருத்தர வச்சு நாலு ரீல்ஸ் எடுத்தோம், எழுத்துல எதுவும் இல்ல, எல்லாம் வாட்ஸ்அப்ல பேசினதுதான். இப்ப ஒரு பாட்டுக் கம்பெனி பேர்ல "அனுமதியில்லாம எங்க பாட்ட விளம்பரத்துல போட்டிருக்கீங்க, ஒன்றரை லட்சம் கட்டுங்க"ன்னு மெயில் வந்திருக்கு. ரா ஃபுட்டேஜ் (எடிட் பண்ணாத முழு வீடியோ) கேட்டா காபிரைட் என்னோடதுன்னு அந்த வீடியோக்காரர் தர மாட்டேங்கிறார். தீபாவளிக்குப் புது வீடியோ வேணும். 18,000, 35,000, 60,000னு மூணு கொட்டேஷன் வந்திருக்கு, அனுப்பியிருக்கேன். யார எடுக்கலாம்?

பதில்:

மேடம், மூணு பேரோட சாம்பிள் வீடியோவும் பாத்தேன், அழகாத்தான் இருக்கு, ஆனா அத வச்சு முடிவு பண்ணாதீங்க. வக்கீலா நான் பாக்குறது கொட்டேஷனோட அடில பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னுதான்.

முதல்ல பழைய ஆளு சொல்ற காபிரைட் கதை. 1957ம் வருஷ காபிரைட் சட்டம் 17ம் பிரிவுல, ஒருத்தர் கேட்டு, காசு குடுத்து எடுக்க வச்ச ஃபோட்டோவோ வீடியோவோ, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னா, கேட்டவருக்குத்தான் சொந்தம்னு இருக்கு. உங்க கேஸ்ல அப்படி வேற மாதிரி ஒப்பந்தம் கிடையாது, அதனால நாலு ரீல்ஸும் உங்களோடதுதான். நிறைய பேர் கேமரா பிடிச்சவருக்குத்தான் உரிமைன்னு நெனச்சுக்கிறாங்க, சில வீடியோகிராஃபரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க.

ஆனா அதே பிரிவுல ஃபுட்டேஜ கார்டோட தூக்கிக் குடுக்கணும்னு ஒரு வரியும் இல்ல. உரிமை ஒண்ணு, ஃபைல் கையில இருக்கிறது இன்னொண்ணு. ஃபுட்டேஜ் வேணும்னா முன்னாடியே பேசி எழுதிக்கணும், இப்ப கேட்டா அவர் கூடுதல் காசு கேப்பார், கொஞ்சமா இருந்தா குடுத்து வாங்கிட்டுப் போங்க, அதுக்காக கோர்ட்டுக்குப் போறது உங்க சீடை வியாபாரத்துக்குக் கட்டாது.

இப்ப அந்த 35,000 கொட்டேஷன எடுத்துப் பாருங்க. கடைசி வரில "அனைத்து காபிரைட்டும் ஸ்டூடியோவுக்கே உரியது"ன்னு போட்டிருக்கார். நீங்க அதுல ஓகேன்னு கையெழுத்து போட்டா, சட்டம் சும்மா குடுத்தத நீங்களே திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிடும், நாளைக்கு அவர் உங்க அதிரச ஷாட்ட இன்னொரு பலகாரக் கடைக்குப் போட்டாலும் கேக்க முடியாது. அந்த வரிய அடிச்சிட்டு, எடிட் பண்ணினதும் ரா ஃபுட்டேஜும் எங்களுக்கே, எந்த ஊர்லயும் எத்தன வருஷம் வேணாலும் யூஸ் பண்ணுவோம்னு எழுதச் சொல்லுங்க. வருஷமும் ஊரும் எதுக்குன்னா, பின்னாடி இது அவர் உங்களுக்கு எழுதிக் குடுத்த உரிமைன்னு வாதம் வந்துச்சுன்னா, காலம் எழுதலேன்னா 5 வருஷம்னும், இடம் எழுதலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னும்தான் 19ம் பிரிவு எடுத்துக்கும், சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பார்சல் அனுப்புற உங்களுக்கு அது பத்தாது.

அடுத்து பாட்டு. வீடியோ உங்களுதுங்கிறதால அதுக்குள்ள இருக்கிற சினிமா பாட்டும் உங்களுது ஆயிடாது. ரெக்கார்டிங் ஒருத்தர்ட்ட இருக்கும், இசையும் வரியும் வேற ஆள்ட்ட இருக்கும், ரெண்டுக்கும் அனுமதி வேணும். கல்யாணத்துல பாட்டு ஒலிக்கிறதுக்கு 52ம் பிரிவுல ஒரு விலக்கு இருக்கு, அதனாலயோ என்னவோ கல்யாண வீடியோ எடுக்கிறவங்களுக்கு எந்தப் பாட்ட எடுத்துப் போட்டாலும் தப்பாவே தெரியறதில்ல, ஆனா கடை விளம்பரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. இன்ஸ்டாகிராம்ல பாட்டு காட்டுதேன்னு எடுத்துக்கிறதும் ஆகாது, அது சொந்த உபயோகத்துக்கு. புது ஆள்ட்ட ஒரே கேள்வி கேளுங்க: மியூசிக் எங்க இருந்து, லைசென்ஸ் யார் பேர்ல? "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்"னு சொல்றவர விட்டுடுங்க. லைசென்ஸ் காப்பிய வீடியோவோட சேத்துத் தரணும், பாட்டால பிரச்சனை வந்தா செலவு அவரோடதுன்னு ஒரு வரி எழுதி வாங்கணும்.

60,000 கொட்டேஷன்ல பழைய செட்டிநாட்டு வீட்ட டிரோன்ல எடுக்கிறதா இருக்கு. 250 கிராமுக்கு மேல உள்ள டிரோன வியாபாரத்துக்குப் பறக்க விட 2021 டிரோன் விதிப்படி பதிவு எண்ணும் பைலட் சான்றிதழும் வேணும், ரெண்டையும் காட்டச் சொல்லுங்க. வீட்டுக்காரங்கட்ட எழுத்துல சம்மதம் வாங்குறது உங்க வேலை, சொந்தக்காரங்க வீடா இருந்தாலும் வாங்குங்க, பங்காளி நாலு பேர் இருப்பாங்க.

18,000 கொட்டேஷன் ஒரே வரி, அத நான் தொட மாட்டேன். என் சாய்ஸ் 35,000தான், அந்தக் கடைசி வரிய மாத்த அவர் சம்மதிச்சா மட்டும். அட்வான்ஸ் மூணுல ஒரு பங்குக்கு மேல வேணாம், ஷூட் முடிஞ்சதும் கொஞ்சம், மீதி ஃபைல் எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல கைக்கு வந்தப்புறம். தீபாவளிக்கு எத்தன நாள் முன்னாடி டெலிவரி, லேட்டானா எவ்வளவு கழிப்போம், எத்தன தடவ திருத்தம், ஷூட்டுக்கு நேர்ல வரப்போறது அவரா அசிஸ்டென்ட்டா, எல்லாம் எழுதுங்க. இவ்வளவு கறார் எதுக்குன்னா, வியாபாரத்துக்கு வாங்கின சேவைங்கிறதால நாளைக்கு கன்ஸ்யூமர் கோர்ட்ல நீங்க நுகர்வோரே இல்லன்னு தள்ளிட வாய்ப்பிருக்கு, போலீஸ்ல போனாலும் சிவில் மேட்டர்னு ஒரு சி.எஸ்.ஆர் (புகார் வாங்கினதுக்கு ரசீது) போட்டு அனுப்பிடுவாங்க, மிச்சம் சிவில் கோர்ட்தான்.

கடைசியா அந்த ஒன்றரை லட்சம் மெயில். பயந்து பணம் அனுப்பிடாதீங்க, ஃபோன்ல பேசவும் வேணாம். முதல்ல அந்த ரீல்ஸ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிட்டு பேஜ்ல இருந்து இறக்குங்க. பாட்டு உண்மையிலேயே அவங்களுதுதானா, அதுக்கு ஆதாரம் குடுங்கன்னு வக்கீல் மூலமா பதில் போடலாம், இந்தப் பேர்ல ஏமாத்துறவங்களும் இருக்காங்க. நிஜமாவே அவங்களுதா இருந்தா உங்க பேஜ்ல வந்ததுக்கு நீங்கதான் பதில் சொல்லணும், தொகைய பேசிக் குறைக்கலாம். பாட்டு அந்தப் பழைய வீடியோக்காரர் தேர்ந்தெடுத்ததுங்கிற வாட்ஸ்அப் சாட் இருக்கில்ல, அத அழிச்சிடாதீங்க, ஃபோன மாத்தினா பழைய ஃபோனையும் விக்காதீங்க, குடுத்த பணத்த அவர்கிட்ட திருப்பிக் கேக்கணும்னா அதுதான் சாட்சி.