லாவோஸ் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி (மதுரை): தாய்லாந்து பார்த்தாயிற்று, அக்கா. அடுத்து லாவோஸ். ஐந்து நாள் போதுமா?

பதில்: ஐந்து நாள் என்றால் வடக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலைநகர் வியந்தியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு முன்பெல்லாம் மலைப்பாதையில் நாள் முழுக்க பஸ்ஸில் உருள வேண்டும். 2021 டிசம்பரில் ரயில் வந்தபின் ஏறக்குறைய 2 மணி நேரம்தான். லுவாங் பிரபாங்கில் 3 இரவாவது தங்குங்கள். 1560 வாக்கில் எழுந்த வாட் சியெங் தோங் கோயிலின் கூரை, அடுக்கடுக்காகச் சரிந்து தரையைத் தொட வருவதுபோல் தாழ்ந்திருக்கும். பின்சுவரில் கண்ணாடித் துண்டுகள் பதித்த மரம் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

கேள்வி (சேலம்): அங்கே விடியற்காலையில் பிக்குகள் வரிசையாக வருவதைப் படமெடுக்கலாமா?

பதில்: தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். அது காட்சிக்காக நடப்பதல்ல, அவர்களின் அன்றைய சாப்பாடு. சோறு இட மனமிருந்தால் மட்டும் வரிசையில் அமருங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும்.

கேள்வி (திருச்சி): கல்ஜாடிச் சமவெளிக்குக் குழந்தைகளுடன் போகலாமா? வெடிகுண்டு இருக்கிறது என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

பதில்: போகலாம், அவசியம் போங்கள். ஆனால் குழந்தையின் கையை விடாதீர்கள். சியெங் குவாங் மாகாணத்தில் 2,100க்கும் மேற்பட்ட கல்ஜாடிகள் சிதறிக் கிடக்கின்றன. சில ஆளைவிட உயரம். அரக்கர்கள் அரிசிச் சாராயம் காய்ச்சிய பானைகள் என்பது ஊர்க்கதை. இரும்புக் கால ஈமச்சடங்கோடு தொடர்புடையவை என்கிறது அகழாய்வு. 1930களில் இங்கே ஆராய்ந்த மதலேன் கொலானி என்ற பிரெஞ்சுப் பெண்மணி எலும்பும் மணிகளும் கண்டெடுத்தார். நம் ஊர் முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது.

குண்டு விஷயம் உண்மை. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் இந்நாட்டின் மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு வீசின. கைக்குள் அடங்கும் பந்து அளவிலான கொத்துக்குண்டுகள் கோடிக்கணக்கில் வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. ஜாடிகளுக்கு நடுவே குண்டு விழுந்த பள்ளங்களை இன்றும் காணலாம். மழைநீர் நிற்கும் ஒரு ஜாடியையும், பத்தடி தள்ளிப் புல் மூடிய ஒரு பள்ளத்தையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தரையில் பதித்த அடையாளக் கற்களைக் கவனியுங்கள்: வெள்ளைப் பக்கம் முழுதும் சோதித்த நிலம். சிவப்புப் பக்கம் கால் வைக்காதீர்கள். இந்த இடத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு கிளம்புவது தவறு. ஒரு முழுநாள் கொடுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): தெற்கே பழைய சிவன் கோயில் உண்டாமே, அம்மா?

பதில்: வாட் ஃபூ. பாக்சே நகரிலிருந்து எளிதில் போகலாம். கெமெர் அரசர்கள் கட்டியது. இன்று நிற்பவை பெரும்பாலும் 11 முதல் 13ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்தவை. பின்னால் உள்ள மலையின் உச்சியில் இயற்கையாகவே லிங்கம்போல் ஒரு பாறை நிமிர்ந்து நிற்கிறது. அதனால் மலைக்கே லிங்கபர்வதம் என்று பெயர். ஈழத்தலரி மரங்கள் நிழல் தரும் செங்குத்தான படிகளில் ஏறினால் கருவறை. பாறையிலிருந்து கசியும் ஊற்றுநீரைக் கல்வாய்க்கால் வழியே கொண்டுவந்து, லிங்கத்தின் மேல் ஓயாமல் விழும்படி அமைத்திருந்தார்கள். ஆள் தொடாமல் நடந்த அபிஷேகம்! இப்போது கருவறையில் புத்தர் இருக்கிறார். ஊற்று நிற்கவில்லை. மக்கள் இன்றும் அந்த நீரைத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். பின்பாறையில் மும்மூர்த்திகள் செதுக்கியிருப்பதைப் பார்க்காமல் இறங்கிவிடாதீர்கள்.

கேள்வி (காஞ்சிபுரம்): சைவச் சாப்பாடு?

பதில்: கஷ்டம்தான். காய்கறிக் குழம்பிலும் மீன்சாறு இருக்கும். "கின் ஜே" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசிச் சோற்றை விரலால் உருட்டிச் சாப்பிடுவது நமக்குச் சுலபம்.

கேள்வி (நாகர்கோவில்): தெற்கே மெக்கோங் தீவுகளில் டால்பின் பார்க்க முடியுமா?

பதில்: லாவோஸ் பக்கம் இனி இல்லை. கடைசியாக எஞ்சியிருந்த ஒன்றும் 2022இல் மீன்வலையில் சிக்கிய பின் இறந்துபோனது. எனக்கு அது பெரிய வருத்தம். கோன் ஃபாபெங் அருவிக்காகப் போங்கள்.

கேள்வி (ஈரோடு): எந்த மாதம் நல்லது?

பதில்: நவம்பர் முதல் பிப்ரவரி. சியெங் குவாங்கில் இரவு நடுக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் காடு எரிக்கும் புகை வடக்கை மூடிவிடும், கண் எரியும். ஏப்ரல் நடுவில் போனால் அவர்களின் புத்தாண்டு, நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வருகிறது. பூ மிதக்கும் நறுமண நீரைப் புத்தர் சிலைகளுக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் தெருவில் போகிறவர்கள் மேல் ஊற்றுவார்கள். பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.