ஸ்மார்ட் கடிகாரத்துக்கு உலோகப் பட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகன் கெலக்ஸி வாட்ச் 6 ஒன்றை அனுப்பியிருக்கிறார். சேலை உடுத்து அலுவலகம் செல்லும்போது சிலிக்கன் பட்டி பொருத்தமாக இல்லை. புறக்கோட்டையில் ஒரே தோற்றமுள்ள இரண்டு உருக்குப் பட்டிகளைக் காட்டினார்கள். ஒன்றின் விலை மற்றதன் விலையைப் போல மூன்று மடங்கு. வித்தியாசத்தை எப்படி அறிவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தின் இரண்டு காதுகளுக்கும், அதாவது பட்டியை மாட்டும் நீட்சிகளுக்கும், இடையிலுள்ள அகலமே பட்டியின் அளவு. உங்கள் கடிகாரத்துக்கு அது 20 மில்லிமீற்றர். கெலக்ஸி வாட்ச் 4, 5 ஆகியவற்றுக்கும் அதே அளவுதான். 2018இல் வந்த 46 மில்லிமீற்றர் கெலக்ஸி வாட்ச், ஹுவாவே ஜீ.டீ. வரிசையின் 46 மில்லிமீற்றர் கடிகாரங்கள் போன்றவற்றுக்கு 22 மில்லிமீற்றர் பட்டி வேண்டும். அப்பிள் கடிகாரத்தின் வழி வேறு: பட்டி பக்கவாட்டில் சறுக்கி உள்ளே செல்லும். அதில் 38, 40, 41 மில்லிமீற்றர் கடிகாரங்கள் ஒரு கூட்டம்; 44, 45, 46, 49 மில்லிமீற்றர் கடிகாரங்கள் மற்றொரு கூட்டம். பழைய 42 மில்லிமீற்றர் கடிகாரம் பெரிய கூட்டத்தையும், 2024இல் வந்த பத்தாம் வரிசையின் 42 மில்லிமீற்றர் கடிகாரம் சிறிய கூட்டத்தையும் சேர்ந்தவை என்பதால், அப்பிள் பட்டி வாங்குபவர்கள் கடிகாரத்தையே கையோடு கொண்டுசெல்வது நல்லது.

இனி விலை வித்தியாசத்துக்கு வருவோம். பட்டியின் வெளிப்பக்கத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மினுக்கம் எல்லாப் பட்டிக்கும் வரும். அதைத் திருப்பிப் பிடித்து உட்பக்கத்தைப் பாருங்கள். மலிவான பட்டியில் ஒவ்வொரு கண்ணியும் மெல்லிய தகட்டை மடித்துச் செய்ததாக, நடுவே வெற்றிடத்தோடு இருக்கும். நல்ல பட்டியின் கண்ணி முழுக் கட்டியாக இருக்கும். விரலின் உட்புறத்தை ஓரங்களின் மீது மெதுவாக ஓட்டிப் பார்த்தால், சொரசொரப்பு எங்கே இருக்கிறதென்று உடனே தெரியும். சேலை உடுப்பவர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் முக்கியமானது, ஏனெனில் அந்த ஓரங்கள்தான் பட்டு நூலை இழுக்கும், கையிலுள்ள மயிரையும் பிடுங்கும். பிறகு பட்டியை ஒரு முனையில் பிடித்துப் பக்கவாட்டாக நீட்டுங்கள். புதிய பட்டியே தொங்கி வளைந்தால், கண்ணிகளை இணைக்கும் ஊசிகள் துளைகளில் தளர்வாக இருக்கின்றன என்று பொருள். அது நாளாக ஆகத் தளருமே தவிர இறுகாது. பூட்டை நாலைந்து முறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக 'டக்' என்று விழுகிறதா என்றும் கவனியுங்கள்.

உலோகத்தின் தரத்தையும் கேளுங்கள். கடிகாரப் பட்டிக்கு ஏற்றது 316எல் எனப்படும் துருப்பிடிக்காத உருக்கு. அதில் 16 முதல் 18 சதவீதம் குரோமியமும், 10 முதல் 14 சதவீதம் நிக்கலும், 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினமும் உண்டு. பாத்திரங்களுக்குப் பரவலாகப் பாவிக்கப்படும் 304 உருக்கில் மொலிப்டினம் இல்லை. உப்பின் அரிப்பைத் தாங்கும் வலிமையை அந்த மொலிப்டினம்தான் கூட்டுகிறது. கடற்கரை ஓரமாக வாழும் நமக்கு அது வேண்டியதே. சில கடைக்காரர்கள் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். கண்ணியில் காந்தம் பலமாக ஒட்டினால் அந்தப் பட்டியைத் தவிர்க்கலாம். ஒட்டாவிட்டால் அது 316எல் என்று உறுதியாகிவிடாது, ஏனெனில் 304 உருக்கிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. ஆகவே தரத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய உருக்குப் பட்டி என் கைக்குப் பெரிதாக இருக்கிறது. கண்ணி கழற்றும் சிறு கருவியும் கூடவே வந்தது. வீட்டிலேயே செய்யலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தாராளமாகச் செய்யலாம், பொறுமையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும். ஒரு வெள்ளைத் துணியை மேசையில் விரித்து, அதன்மேல் வேலையைத் தொடங்குங்கள். கீழே விழும் ஊசி துணியில் தங்கும். தரையில் விழுந்தால் அது கிடைப்பது அரிது.

பட்டியின் உட்புறத்தைப் பார்த்தால், சில கண்ணிகளில் மட்டும் சிறிய அம்புக்குறிகள் தெரியும். அவையே கழற்றக்கூடிய கண்ணிகள். ஊசியை அம்புக்குறி காட்டும் திசையிலேயே தள்ள வேண்டும். கருவியின் முள்ளைத் துளையின் நட்டநடுவில் நேராக நிறுத்தி, திருகை மெல்லத் திருப்புங்கள். முள் சற்றுச் சாய்ந்திருந்தாலும் அதுதான் முதலில் வளையும், ஊசி அசையாது. ஊசி பாதி வெளியே வந்ததும் சிறு குறட்டால் பிடித்து நேராக இழுத்துவிடலாம்.

வெளியே வந்த ஊசியை உற்றுப் பாருங்கள். அதன் ஒரு முனை பிளந்திருக்கும். அந்தப் பிளவின் விறைப்புத்தான் ஊசியைத் துளைக்குள் பிடித்து வைத்திருக்கிறது. திரும்பப் பூட்டும்போது அம்பின் கூர் நோக்கும் பக்கத்திலிருந்து, பிளவில்லாத முனையை முதலில் நுழைத்து, பிளந்த முனை கடைசியாக உள்ளே போகும்படி தள்ளுங்கள். விரலால் தள்ளியே முழுவதும் உள்ளே போய்விடுகிற ஊசியை நம்ப வேண்டாம், அது வீதியில் கழன்று விழும். கடைசி ஒரு மில்லிமீற்றருக்காவது சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டிய அளவு இறுக்கம் இருக்க வேண்டும். சில பட்டிகளில் ஊசியோடு நெல்மணியிலும் சிறிய குழாய் ஒன்று இருக்கும். அதைத் தவறவிட்டுவிட்டு ஊசியை மட்டும் போட்டால் கண்ணி நிற்காது.

கண்ணிகளைப் பூட்டின் இரு பக்கத்திலிருந்தும் சமமாகக் கழற்றுங்கள். ஒற்றை எண்ணிக்கையில் கழற்ற வேண்டி வந்தால், கூடுதலான ஒன்றைக் கடிகாரத்தின் 6 மணிப் பக்கத்திலிருந்து எடுங்கள். அப்போது பூட்டு மணிக்கட்டின் அடியில் நடுவாக அமையும். பூட்டின் விளிம்பில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால் அவை நுண் அளவுக்கானவை. ஸ்பிரிங் ஊசியை (அமுக்கினால் முனை உள்ளே போகும் ஊசி) ஒரு துளை தள்ளிப் போட்டாலே இரண்டொரு மில்லிமீற்றர் வித்தியாசம் கிடைக்கும். நம் ஊர் வெக்கையில் பிற்பகலில் கை சற்று வீங்கும். ஆகவே அளவைக் காலையில் எடுக்காமல் பிற்பகலில் எடுங்கள். கழற்றிய கண்ணிகளை எறிந்துவிடாமல் ஊசிகளோடு ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

எல்லாம் முடிந்தபின், கடிகாரத்தை ஒரு கையிலும் பட்டியை மறு கையிலும் பிடித்து, காதுகளின் அருகே பலமாக ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பட்டியைக் கடிகாரத்தோடு இணைக்கும் ஸ்பிரிங் ஊசியின் ஒரு முனை துளையில் சரியாக விழாமல் இருந்தால் அந்த இழுப்பில் தெரிந்துவிடும்.

கேள்வி: உருக்குப் பட்டி மாட்டிய நாளிலிருந்து காலை நடையின்போது இதயத் துடிப்பு தாறுமாறாகக் காட்டுகிறது. பட்டியின் உலோகம் கருவியைக் குழப்புகிறதா?
– வாசகர், தெஹிவளை

பதில்: உலோகம் குழப்பவில்லை, பாரமும் தளர்வும் குழப்புகின்றன. கடிகாரத்தின் அடியிலுள்ள பச்சை ஒளி தோலுக்குள் சென்று, இரத்தத்தால் உறிஞ்சப்பட்டு, எஞ்சியது திரும்பி வருகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மாறும் அந்த அளவிலிருந்தே துடிப்பு கணக்கிடப்படுகிறது. கடிகாரம் தோலிலிருந்து சற்று எழும்பினாலும் வெளிவெளிச்சம் உள்ளே புகும்; நடக்கும்போது மேலும் கீழும் சறுக்கினால், கை வீசும் வேகத்தையே கருவி துடிப்பாக எண்ணிக்கொள்ளவும் கூடும். சிலிக்கன் பட்டி இழுபட்டுத் தோலோடு ஒட்டி நிற்கும். உருக்குப் பட்டிக்கு அந்த இழுவை இல்லை, பாரமோ அதிகம்.

மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே கடிகாரத்தை ஏற்றி, நகராத அளவுக்கு இறுக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். கழற்றும்போது தோலில் ஆழமான தடம் இருந்தால் அது மிகை இறுக்கம். நுண் அளவுத் துளை இல்லாத பட்டியில் இந்த நடுநிலை கிடைப்பது கடினம் என்பதால், வாங்கும்போதே அதைப் பார்த்து வாங்கும்படி எல்லோருக்கும் சொல்வேன். டைட்டேனியம் பட்டியும் ஒரு வழி. கன சென்ரிமீற்றருக்கு உருக்கின் நிறை ஏறத்தாழ 8 கிராம், டைட்டேனியத்தின் நிறை 4.5 கிராம். உங்கள் வைத்தியர் துடிப்பைக் கவனிக்கச் சொல்லியிருந்தால், நடைக்கும் உறக்கத்துக்கும் பழைய சிலிக்கன் பட்டியையே மாட்டிக்கொண்டு, உருக்கை வெளியே செல்லும்போது மட்டும் அணியுங்கள்.

கேள்வி: பட்டி அணிந்து ஒரு கிழமையில் மணிக்கட்டில் சிவந்து கடிக்கிறது. நிக்கல் ஒவ்வாமையா, வியர்வையா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: சிவப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கடிகாரத்தின் அடியில் வட்டமாக மட்டும் இருந்தால், ஈரமும் சவர்க்காரமும் தேங்கியதே காரணமாக இருக்கலாம். பூட்டும் கண்ணிகளும் படும் இடங்களில், உலோகத்தின் வடிவத்திலேயே சிவந்திருந்தால் நிக்கலைச் சந்தேகிக்க வேண்டும். போலித் தோடு போட்டபோது காது புண்ணானது உண்டா என்று நினைத்துப் பாருங்கள். அது வலுவான அறிகுறி.

316எல் உருக்கில் நிக்கல் இருந்தாலும் அது உலோகத்துக்குள் இறுகப் பிணைந்திருப்பதால் மிகக் குறைவாகவே கசியும். ஐரோப்பிய ஒன்றியம் தோலோடு நெடுநேரம் படும் பொருட்களுக்கு, ஒரு கிழமையில் சதுர சென்ரிமீற்றருக்கு 0.5 மைக்ரோகிராம் நிக்கல் கசிவையே எல்லையாக வைத்திருக்கிறது. தரமற்ற உலோகத்தின் மேல் நிக்கல் முலாம் பூசிய பட்டிகளில், முலாம் தேயத் தேயக் கசிவு கூடும். இப்போதைக்குப் பட்டியைக் கழற்றிவிடுங்கள். தோல் முழுவதும் ஆறும்வரை மறு கையிலும் மாட்ட வேண்டாம். ஆறாவிட்டால் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். ஒட்டுச் சோதனையின் மூலம் நிக்கல்தானா என்று அவர் உறுதியாகச் சொல்லிவிடுவார். நிக்கல்தான் என்றால் தூய டைட்டேனியம் உங்களுக்கு ஏற்றது, ஆனால் அதன் பூட்டும் ஊசிகளும் டைட்டேனியமா என்று கேட்காமல் வாங்காதீர்கள். உட்புறத்தில் நகப்பூச்சைத் தடவிக்கொண்டு அணிவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது சில நாட்களில் உரிந்துவிடும்.

கேள்வி: ஞாயிறுகளில் கல்கிசைக் கடலில் குளிப்பவன். துருப்பிடிக்காது என்று வாங்கிய பட்டியின் கண்ணிகளுக்கு இடையில் பழுப்புக் கறை வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், கல்கிசை

பதில்: ஏமாற்று என்று உடனே சொல்ல முடியாது. உருக்கிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகி உலோகத்தைக் காக்கிறது. கீறல் பட்டாலும் காற்று இருக்கும்வரை அந்தப் படலம் தானே திரும்ப உண்டாகும். கண்ணிகளின் இடுக்கில் உப்புநீரும் அழுக்கும் தேங்கினால் காற்று புகாது, படலம் திரும்ப வராது, உப்பு அரிக்கத் தொடங்கும். கண்ணிகளைவிடத் தரம் குறைந்த உருக்கில் செய்த ஊசிகளே பெரும்பாலும் முதலில் துருப்பிடிக்கின்றன. நீங்கள் காண்பது அவற்றின் கறையாக இருக்கலாம். ஊசிகளை மாற்றுவது சிறு செலவு.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் பட்டியை வளைத்து வளைத்துக் கழுவுங்கள். கடலுக்குப் போகாதவர்களும் கிழமைக்கொரு தடவை பட்டியைக் கடிகாரத்திலிருந்து கழற்றி, இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, மென்மையான பற்தூரிகையால் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். வியர்வையும் சந்தனமும் தோல் களிம்பும் சேர்ந்து கரும் சேறாக வெளியே வருவதைப் பார்த்தால், கடிகாரம் எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்று புரியும். பிறகு துணியால் துடைத்து மின்விசிறியின் கீழ் உலரவிட்டு மாட்டுங்கள். குத்துவிளக்குக்குப் பாவிக்கும் புளியும் தேசிக்காயும், பற்பசையும் இதற்கு வேண்டாம். குளோரின் கலந்த வெளிறவைக்கும் திரவத்தை அருகிலும் கொண்டுவராதீர்கள், அது உப்பைவிட மோசமாக அரிக்கும்.

கேள்வி: கறுப்புப் பட்டியில் பஸ் கம்பி உரசி வெள்ளிக் கோடு விழுந்துவிட்டது. சரிசெய்யலாமா?
– வாசகி, மட்டக்குளி

பதில்: முடியாது. கறுப்பு ஒரு மெல்லிய பூச்சு. அது போன இடத்தில் தெரிவது உருக்கின் சொந்த நிறம். கோடுகோடாகத் தேய்த்த பூச்சற்ற பட்டியானால், மெல்லிய தேய்ப்புத் துணியால் அந்தக் கோடுகளின் திசையிலேயே தேய்த்து கீறலை மங்கச் செய்யலாம்.

கேள்வி: காந்தத்தால் ஒட்டும் வலைப்பின்னல் பட்டியை அப்பாவுக்கு வாங்கலாமா? அவருக்கு இதயமுடுக்கி பொருத்தியிருக்கிறது.
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: வைத்தியரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். இதயமுடுக்கியின் இயக்கத்தைக் காந்தம் மாற்றக்கூடும். மார்பின் மேல் கை வைத்து உறங்கும் பழக்கமுள்ளவருக்கு அந்தக் காந்தம் நெடுநேரம் அருகிலேயே கிடக்கும். கடிகாரமும் அதை மின்னேற்றும் தட்டும்கூடக் காந்தம் கொண்டவையாக இருக்கலாம் என்பதால், பட்டியைப் பற்றி மட்டுமன்றி முழுக் கடிகாரத்தைப் பற்றியும் கேளுங்கள். அனுமதி கிடைத்தால், சாதாரண மடிப்புப் பூட்டுள்ள டைட்டேனியம் பட்டியை வாங்கிக் கொடுங்கள். வயதானவர்களின் விரல்களுக்கு இரு பக்கமும் அமுக்கித் திறக்கும் பூட்டு எளிது.