கைதட்டல் கிடைத்தது, பாடம் புரிந்ததா?

கேள்வி: முதலாமாண்டு வகுப்பில் 60 பேர். ஐந்து பேருக்கு ஒரு குழு எனப் பிரித்து, குழுவுக்கொரு தலைப்பை நாடகமாகவோ மாதிரியாகவோ செய்துகாட்டச் சொன்னேன். வகுப்பு களைகட்டியது. ஆனால் தேர்வில் அதே பழைய மதிப்பெண்தான். எங்கே கோட்டை விட்டேன்?

பதில்: தலைப்பைக் கொடுத்திருப்பீர்கள், கேள்வியைக் கொடுத்திருக்க மாட்டீர்கள். ‘நொதிகள்’ (உடலின் வேதிவினைகளை வேகப்படுத்தும் பொருள்கள்) என்று மட்டும் சொன்னால் ஒருவர் கிரீடம் வைத்துக்கொண்டு ‘நானே நொதி’ என்று வசனம் பேசிவிட்டுப் போவார். ‘நொதியின் அளவு மாறாதபோது வினைபடு பொருளைக் கூட்டிக்கொண்டே போனால், வினைவேகம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாதது ஏன்?’ என்று கேளுங்கள். நொதியில் வினைபடு பொருள் வந்து ஒட்டும் இடங்களான கிளர்வு மையங்கள் எல்லாம் நிரம்பிவிட்டதை நடித்துக் காட்டியே தீர வேண்டும். கிரீடம் அங்கே உதவாது.

மேடையில் ஐந்து பேர் இருக்கும்போது கீழே 55 பேர் சும்மா உட்கார்ந்திருப்பது அடுத்த ஓட்டை. 8 நிமிட நிகழ்ச்சி, 4 நிமிடக் கேள்வி என்று வைத்தால் 50 நிமிட வகுப்பில் நான்கு குழுக்கள் அடங்கும். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பாதியில் நிறுத்தி, ‘அடுத்து என்ன நடக்கும்? ஏன்?’ என்று எல்லாரையும் இரண்டு வரி எழுதவைத்துவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். எழுதியவர்தான் மீதியைக் கவனிப்பார்.

கேள்வி: வேதிச் சமநிலை என்றால் இரு பக்கமும் சம அளவு என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். இதைக் குழுவாகச் செய்துகாட்ட வழி உண்டா?

பதில்: உண்டு. செலவு பழைய காகிதம்தான். காகிதத்தைக் கசக்கி 60 உருண்டைகள் செய்துகொள்ளுங்கள். 48-ஐ இடது அணியிடம் கொடுங்கள். இடது அணி வினைபடு பொருள், வலது அணி விளைபொருள். வலது அணியிடம் ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் இடது அணி கையிருப்பில் பாதியையும், வலது அணி கால்வாசியையும் எதிர்ப்பக்கம் தர வேண்டும். பின்னம் வந்தால் கீழுள்ள முழு எண்ணாகக் குறைத்துக்கொள்ளலாம்.

முதல் சுற்று முடிவில் 24, 24. இங்கே நிறுத்தி ‘சமநிலை வந்துவிட்டதா?’ என்று கேளுங்கள். பெரும்பாலான கைகள் உயரும். இரண்டாம் சுற்றில் 18, 30. மூன்றாவதில் 16, 32. அதற்குப் பிறகு எத்தனை சுற்று போனாலும் எண்ணிக்கை மாறாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 8 போகிறது, 8 வருகிறது. சமமானது இரு திசையிலும் வினை நடக்கும் வேகம், அளவல்ல என்பது கண்ணெதிரே நடக்கிறது. மிச்சமுள்ள 12-ஐயும் இடது அணியிடம் சேருங்கள். இரண்டே சுற்றில் 20, 40-இல் நிற்கும். விகிதம் அதே 2. லே சாட்லியர் தத்துவமும் (சமநிலையைக் கலைத்தால் அந்த மாற்றத்தை ஈடுகட்டும் திசையில் அது நகரும்) சமநிலை மாறிலியும் (அந்த மாறாத விகிதம்) ஒரே ஆட்டத்தில் முடிந்தன.

கெடுவது ஓரிடத்தில்தான். இரு அணிகளும் முதலில் எண்ணி எடுத்துவைத்துக்கொண்டு, சைகை கிடைத்ததும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். வந்ததையும் சேர்த்து எண்ணி ஓர் அணி பிறகு அனுப்பினால் விகிதம் வேறாகிவிடும். எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுத ஒருவரைத் தனியே நிறுத்துங்கள்.

கேள்வி: நரம்புத் துடிப்பை நாடகமாகப் போட இருக்கிறோம். சோடியமாக நடிப்பவர் நரம்பிழையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவதாகத் திட்டம். சரியா?

பதில்: தவறு. சோடியம் அயனி நரம்பிழையின் வெளிச்சவ்வைக் கடந்து உள்ளே வருகிறது, அவ்வளவுதான். நெடுக ஓடுவது மின்னழுத்த மாற்றம். பத்துப் பேரை வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் சவ்வின் ஒரு துண்டு. பக்கத்தவர் கை தூக்கியதும் இவரும் தூக்க வேண்டும், உடனே உட்கார்ந்து இரண்டு எண்ணும்வரை எழக் கூடாது. அந்த உட்காரல்தான் துடிப்பு பின்னோக்கித் திரும்பாததற்குக் காரணம். ஒருமுறை அந்த விதியை நீக்கி ஓட்டுங்கள்: கைகள் இரு திசையிலும் தாறுமாறாக எழும்.

இன்னொன்று. துடிப்பு கடந்ததும் மின்னழுத்தம் ஓய்வுநிலை அளவான மைனஸ் 70 மில்லிவோல்ட்டுக்குத் திரும்புவதை சோடியம்-பொட்டாசியம் பம்ப் செய்வதாக எழுதிவிடாதீர்கள். பொட்டாசியம் தன் வாயில் வழியே வெளியேறுவதால்தான் அது இறங்குகிறது. மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளெடுக்கும் பம்ப், சவ்வின் உள்ளும் வெளியும் உள்ள செறிவு வேறுபாட்டைக் காப்பாற்றும் பின்னணி வேலைக்காரர்.

நாடகத்தில் பார்த்த பிழை பாடநூலில் படித்த பிழையைவிட ஆழமாகப் பதியும். எனவே ஆசிரியர் ஒரு வாரம் முன்பே ஒரு பக்கக் குறிப்பு வாங்கிப் பார்த்துவிட வேண்டும்: எது எதைக் குறிக்கிறது, இந்த உருவகம் எந்த இடத்தில் பொய்யாகிறது. இரண்டாவதைக் குழுவே மேடையிலும் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் வேலை செய்கிறேன். மதிப்பெண் மட்டும் எல்லாருக்கும்!

பதில்: கூட்டு வேலையில் தனியாள் முயற்சி குறைவது புதிதல்ல, கயிறிழுப்பில் இதை அளந்து பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மேன் 1913-லேயே வெளியிட்டார். இதை நீங்கள் சண்டை போட்டுத் தீர்க்க முடியாது, விதி மாற வேண்டும். உங்கள் ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: நிகழ்ச்சி முடிந்ததும் சீட்டு குலுக்கி ஒருவரை எடுத்து, அவர் நடிக்காத பகுதியிலிருந்து கேள்வி, அந்தப் பதிலின் மதிப்பெண் குழு முழுவதற்கும். அப்புறம் பாருங்கள், ஒத்திகைக்கு ஆள் தானாக வரும். 20 மதிப்பெண்ணில் அறிவியலுக்கு 10, சீட்டுக் கேள்விக்கு 6, படைப்புக்கு 4 போதும். படைப்புக்கு அதற்கு மேல் போனால் மறுபடி கிரீடம்தான் வரும்.