வரலாறு படிக்கும் பெண்ணுக்கு ஸ்மார்ட் சிட்டியில் என்ன வேலை?

கேள்வி: மகள் பிளஸ் டூவில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல் படித்தவள். ‘டிஜிட்டல் பாரம்பரியம்’ என்று ஒரு துறை இருப்பதாகவும், ஸ்மார்ட் சிட்டிகளில் அதற்கு வேலை கிடைக்கும் என்றும் சொல்கிறாள். அந்தப் பெயரிலேயே ஒரு தனியார் கல்லூரியில் பட்டப்படிப்பு இருக்கிறதாம். சேர்க்கலாமா? நாளைக்கு வேலைக்கு அலைய வேண்டிவருமோ என்று பயமாக இருக்கிறது. – தஞ்சாவூரிலிருந்து ஒரு தந்தை

பதில்: துறை உண்மையானது, மகளின் ஆசையும் நல்ல ஆசை. பழைய கட்டடம், சுவடி, நூல் போன்றவற்றைக் கணினியில் பதிந்து, வரைபடமாக்கி, பாதுகாக்கும் வேலை அது. ஆனால் படிப்பின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில் ஸ்மார்ட் சிட்டி விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நகர வசதிகளை மேம்படுத்த மத்திய அரசு 2015 ஜூனில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நாடு முழுவதும் 100 நகரங்கள் சேர்ந்தன. தமிழ்நாட்டில் உங்கள் தஞ்சாவூர் உட்பட 11. திட்டம் 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நகரந்தோறும் தனி நிறுவனம் வைத்து நடத்தியதால் அதில் இருந்த பணிகளில் பல ஒப்பந்தப் பணிகள். ஆகவே ‘ஸ்மார்ட் சிட்டி வேலை’ என்று ஒன்றை மனதில் வைத்துத் திட்டமிட வேண்டாம். அந்தத் திட்டங்களில் உருவான வரைபடம், இணையதளம், க்யூஆர் பலகை எல்லாவற்றையும் இனி யாராவது பராமரிக்க வேண்டும். மாநகராட்சி, தொல்லியல் துறை, அருங்காட்சியகங்கள், நூலகங்கள், அவற்றுக்கு வேலை செய்துகொடுக்கும் நிறுவனங்கள் ஆகியவைதான் மகளுக்கு வேலை தரப்போகும் இடங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் வந்த திருத்தம் இது. நகரின் டிஜிட்டல் வரைபடத்தில் கோயிலை ஒரே புள்ளியாக, கருவறைக்கு மேலுள்ள விமானத்தின் மேல் குறித்துவிட்டு 100 மீட்டர் வட்டம் போட்டால் என்ன ஆகும்? உள் திருச்சுற்று (பிரகாரம்) மட்டுமே கிழக்கு மேற்காகச் சுமார் 240 மீட்டர் நீளம். விமானம் இருப்பது மேற்குப் பாதியில். கிழக்கே அந்த வட்டம் திருச்சுற்றையே தாண்டாது. சட்டம் அளக்கச் சொல்வது பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து. எல்லைக் கோட்டை ஆவணம் பார்த்துச் சரியாக வரையாவிட்டால், கட்டக் கூடாத இடத்தில் ஒருவருக்கு அனுமதி போய்விடும், கட்டலாம் என்ற இடத்தில் இன்னொருவரின் மனு நிற்கும். ஆவணத்தையும் படிக்கத் தெரிந்து, கோட்டையும் வரையத் தெரிந்த ஆள் தேவைப்படுவது இங்கேதான்.

இன்னொரு இடம் டெண்டர். பொதுக்கொள்கை என்றால் பெரிய பெரிய அறிக்கைகள் என்று நினைக்கிறோம். நடைமுறையில் கொள்கை என்பது ஒப்பந்தத்தில் வரும் நாலு வரிதான். பாரம்பரியப் பலகையில் ஒட்டிய க்யூஆர் கோடு இரண்டே வருடத்தில் செத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் தொழில்நுட்பக் கோளாறு அல்ல. இணைய முகவரி ஒப்பந்ததாரர் பெயரில் இருந்திருக்கும், புதுப்பித்திருக்க மாட்டார்கள். முகவரி மாநகராட்சி பெயரில் இருக்க வேண்டும், மூலக் கோப்புகள் அத்தனையும் ஒப்படைக்கப்பட வேண்டும், எந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவத்தில் இருக்க வேண்டும், எத்தனை ஆண்டு பராமரிப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். இந்த நான்கையும் கேட்டு எழுதவைக்கத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு அதிகம்.

மகள் வணிகவியலும் கணக்குப் பதிவியலும் படித்தது வீணில்லை என்று சொல்வதும் இதனால்தான். ஸ்கேன் வேலைக்கும் கணக்குப் போட ஆள் வேண்டும். ஒரு ஏ4 பக்கத்தை 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) அளவில் வண்ணத்தில், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறக்குறைய 46 எம்பி. 300 பக்கத்துக்கு 14 ஜிபி. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில் என்று வைத்தால் 42 ஜிபி. ஸ்கேன் செய்யும் கூலியை மட்டும் மதிப்பீட்டில் போட்டுவிட்டு, சேமிப்புக்கும் பட்டியலிடும் ஆளுக்கும் பணம் ஒதுக்க மறந்துவிடுகிறார்கள். பிறகு ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். எது எந்த ஊர்ச் சுவடி என்று ஒருவருக்கும் தெரியாது. அது ஸ்கேன் செய்யாததற்குச் சமம்.

பதிப்புரிமையும் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தாளர் வாழ்நாளுக்குப் பிறகு 60 ஆண்டு வரை அவர் நூலை அனுமதியின்றி இணையத்தில் ஏற்ற முடியாது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு அந்தத் தடை இல்லை. நாட்டுடைமை என்பதும் நல்லதொரு பண்பாட்டுக் கொள்கைதான்.

இனி படிப்பு. பிளஸ் டூவில் கணிதம் இல்லாததால் பி.ஆர்க் (கட்டடக்கலை), பி.பிளான் (நகரத் திட்டமிடல்), புவித்தகவலியல் பொறியியல் மூன்றும் கிடையாது. வருத்தப்பட வேண்டாம், உள்ளே போக வேறு வழிகள் உண்டு. இளங்கலையில் வரலாறு அல்லது தமிழ் எடுக்கட்டும், நல்ல நூலகம் உள்ள கல்லூரியில், குறைந்த கட்டணத்தில். 18 வயதில் ‘டிஜிட்டல் பாரம்பரியம்’ என்ற பட்டம் வாங்கினால் ஒரு சிக்கல்: அரசுப் பணி அறிவிக்கைகள் வரலாறு, தொல்லியல், தமிழ், நூலக அறிவியல் என்று பாடப் பெயரைச் சொல்லிக் கேட்கும். இணையான பட்டம் என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். அந்தக் கல்லூரியையே விரும்பினால், இணைத்தன்மை பற்றிய அரசாணை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

முதுகலைக்கு உங்கள் ஊரிலேயே தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்வெட்டு, தொல்லியல், ஓலைச்சுவடி மூன்றுக்கும் அங்கே துறைகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறும் தொல்லியலும் படிக்கலாம். அதன் பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறையின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயத்துக்கு உதவித்தொகையும் தருகிறார்கள். தொல்லியல் அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி எழுத இது நேரான பாதை. நூலகம், ஆவணக்காப்பகம் பிடித்திருந்தால் நூலக அறிவியல். டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தின் ஓராண்டுப் பட்டயமும் நல்லது. எந்த வழியில் போனாலும் கூடவே ஜிஐஎஸ், அதாவது இடத் தகவல்களைக் கணினி வரைபடத்தில் சேர்க்கும் நுட்பம், கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினி போதும்.

சம்பளத்தை மறைக்க விரும்பவில்லை. முதல் சில ஆண்டுகள் திட்ட உதவியாளர் வேலைதான், ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தம். அரசுத் தேர்வில் இடங்கள் குறைவு, ஆண்டுதோறும் வராது. முதுகலை வரை வீட்டிலிருந்து ஆதரவு தர முடியுமா என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆசை எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஒரு வழி உண்டு. கல்லூரி திறப்பதற்குள் உங்கள் பகுதியில் 25 பழைய பொருள்களை மகள் பதிவு செய்யட்டும்: திண்ணை வீடு, குளத்துப் படித்துறை, சுமைதாங்கிக் கல், எதுவானாலும் சரி. பெயர், வேறு பெயர்கள், இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, அளவு, எதனால் ஆனது, பதிந்த தேதி, உரிமையாளர் சம்மதம், படத்தின் கோப்புப் பெயர் என்று பத்து நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணை. படத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். ஊர்ப் பெயரை ஓரிடத்தில் தஞ்சை, இன்னோரிடத்தில் தஞ்சாவூர் என்று எழுதினால் தேடும்போது பாதிதான் கிடைக்கும். ஒரே வடிவம் போதும். 10.79, 79.14 என்பதை மாற்றிப் போட்டால் வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகில் போய் நிற்கும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் முக்காலியும் ட்ரோனும் அனுமதியில்லாமல் கூடாது.

பத்தாவது பொருளிலேயே அலுப்பு வந்துவிட்டால் வேறு துறை பார்க்கலாம். 25-ஐ முடித்துவிட்டு 26-ஆவதைத் தேடிப் போனால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். அந்த அட்டவணையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், முதல் நேர்காணலுக்குக் கொண்டுபோக உதவும்.