ருவாண்டாவின் கச்சாச்சா நீதிமன்றங்கள்: கேள்வி பதில்

1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவில் நீதி எப்படி நடந்தது என்பது என் ஆய்வு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கே: வணக்கம் அக்கா. வழக்கமான நீதிமன்றங்களை விட்டுவிட்டு ஊர்மக்களிடம் ஏன் வழக்குகளை ஒப்படைத்தார்கள்?

ப: ஹுட்டு பெரும்பான்மையினரில் இருந்த தீவிரவாதிகளால் சுமார் நூறு நாளில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் சிறுபான்மை இனமான துட்சிகள். இறந்தவர்களில் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் உண்டு. சிறைகளிலோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தார்கள். தான்சானியாவின் அருஷாவில் ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் மொத்தமே 93 பேர் மீதுதான் குற்றம் சாட்டியது. அதனால் கச்சாச்சா என்ற பழைய ஊர்மன்ற முறையைச் சட்டமாக்கினார்கள். 2002-ல் சோதனையாகத் தொடங்கி 2012-ல் முடிவதற்குள் ஏறக்குறைய 12,000 மன்றங்கள் 19 லட்சம் வழக்குகளைத் தீர்த்தன.

கே: மன்னிப்புக் கேட்டால் விட்டுவிட்டார்களாமே மேடம்?

ப: விடவில்லை. ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும். அதில் ஒரு பகுதியைப் பொதுப்பணியாகச் செய்யலாம். ஆனால் கூட இருந்தவர்கள் யார், உடலை எங்கே போட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பல குடும்பங்களுக்கு எலும்புகளாவது கிடைத்தது இப்படித்தான். என் கணக்கில் கச்சாச்சாவின் பெரிய சாதனை அதுதான். அதே சமயம், பாதியை மறைத்தவர்கள், செத்தவன் மீது பழிபோட்டவர்கள் ஏராளம். சாட்சி சொன்னதற்காகவே கொல்லப்பட்டவர்களும் உண்டு.

கே: வென்ற தரப்பு செய்த கொலைகள்?

ப: இனப்படுகொலை நடத்திய அரசை வென்று ஆட்சியைப் பிடித்த, துட்சிகள் தலைமையிலான ருவாண்டா தேசபக்த முன்னணியின் படையும் பொதுமக்களைக் கொன்றது. அதை இனப்படுகொலைக்குச் சமமாக வைக்கக்கூடாது. ஆனால் மறைக்கவும் கூடாது. கச்சாச்சாவில் அதைப் பேசச் சட்டமே இடம் தரவில்லை. அருஷாவிலும் அந்தத் தரப்பில் ஒருவர் மீதும் வழக்கு இல்லை. விசாரிக்க முனைந்த தலைமை வழக்குத்தொடுநர் கார்லா டெல் பொன்டேயின் அருஷா பொறுப்பு 2003-ல் முடிவுக்கு வந்தது. கணவனை அந்தப் படையிடம் பறிகொடுத்த ஹுட்டுப் பெண் அதே மன்றத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்டவர்களை ஒதுக்கிவிட்டு நல்லிணக்கம் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கே: பாலியல் வன்முறை வழக்குகளையும் ஊர்மன்றமே விசாரித்ததா?

ப: முதலில் இல்லை. பாலியல் வன்முறையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று 1998-லேயே அகாயேசு என்ற முன்னாள் மேயர் மீதான வழக்கில் அருஷா தீர்ப்பாயம் தீர்ப்பளித்திருந்தது. 2008-ல்தான் அந்த வழக்குகளைக் கச்சாச்சாவுக்கு மாற்றினார்கள். விசாரணை மூடிய அறையில்தான் நடந்தது. ஆனால் தீர்ப்புச் சொல்பவர்கள் அக்கம்பக்கத்தார். உள்ளே யார் போனார்கள் என்பது ஊருக்கே தெரியும். வழக்கமான நீதிமன்றத்தை நம்பிப் புகார் கொடுத்த பெண்கள் பலர், தங்களிடம் கேட்காமலே வழக்கை மாற்றிவிட்டார்கள் என்று மனம் நொந்தார்கள்.