4294967297 பகா எண்ணா?
இல்லை. ஆனால் பகா எண் என்று நினைத்து நீங்கள் ஏமாந்திருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, கணித மேதை ஃபெர்மாவே ஏமாந்தார். இந்த எண் 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டியது. அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் இதே வடிவில் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள் என்பதால், அடுத்து வரும் இதுவும் அப்படித்தான் என்று அவர் நம்பினார். 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

கண்மூடித்தனமாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அந்த நிபந்தனைக்கு உட்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே சிக்கிவிடுகிறது! 6700417 பகா எண் என்பதால் மொத்த வகுத்திகள் நான்கே: 1, 641, 6700417, அந்த எண்.