பென்சிலை இறுக்கிப் பிடிக்கும் நான்கு வயதுக் குழந்தை

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது மூன்று மாதம், எல்.கே.ஜி. படிக்கிறான். பென்சிலை ஐந்து விரல்களாலும் பொத்திப் பிடித்து எழுதுகிறான். விரலைத் திருத்தி வைத்தால் அழுகிறான். தினமும் இரண்டு பக்கம் எழுதவைத்துப் பழக்கும்படி பள்ளியில் சொல்கிறார்கள். என்ன செய்வது, டாக்டர்?

பதில்: முதலில் அந்த இரண்டு பக்கத்தை நிறுத்துங்கள், அம்மா. இந்த வயதில் மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் ஏறக்குறைய பாதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும்; உள்ளங்கையின் சிறு தசைகளும் இப்போதுதான் வலுப்பெற்று வருகின்றன. ஒன்றரை வயதில் கை முழுவதாலும் பொத்திப் பிடிக்கும் குழந்தை, மூன்று வயதையொட்டி விரல்களால் பிடிக்கத் தொடங்கி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தாங்க, விரல்களை மட்டும் அசைத்து எழுதும் நிலைக்கு ஐந்து, ஆறு வயதில்தான் வந்து சேர்கிறது. உங்கள் மகன் சற்றுப் பின்தங்கியிருக்கலாம். அதற்கு மருந்து கூடுதல் எழுத்து அன்று, கைக்கு வலு சேர்க்கும் விளையாட்டு.

சப்பாத்தி மாவு பிசையும்போது ஓர் உருண்டையை அவனிடம் கொடுங்கள். பட்டாணி உரிக்கட்டும், துணி கிளிப்புகளை கொடியில் மாட்டட்டும், கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எடுத்துக் கோடு இழுக்கட்டும். பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளை அடிக்கடி பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன், அருகிலேயே இருங்கள். சுவரில் ஒட்டிய தாளிலோ கரும்பலகையிலோ நின்றபடி வரையும்போது மணிக்கட்டு தானாகவே பின்னோக்கி வளைந்து, தோளும் உறுதிப்படுகிறது.

முழுநீளப் பென்சிலுக்குப் பதிலாக விரற்கடை அளவுக்கு ஒடித்த கிரேயான் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். பொத்திப் பிடிக்க அதில் இடமே இல்லாததால், நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமலே விரல் நுனிகள் வேலைக்கு வந்துவிடும். நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்து நான்கு விரல்களால் பிடித்தாலும் கவலை வேண்டாம். வலியின்றித் தெளிவாக எழுத முடிந்தால் அதுவும் நல்ல பிடிப்பே. எழுதும் நாற்காலியில் கால் தொங்காமல் பாதத்திற்கு அடியில் ஒரு பலகை வையுங்கள். இடக்கையால் எழுதுபவனாக இருந்தால், தயவுசெய்து கையை மாற்றாதீர்கள். தாளைச் சற்று வலப்புறம் சாய்த்து, பென்சிலை நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னால் போதும்.

ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மறு கையை ஒதுக்குவது, கை நடுங்குவது, எழுதும்போது வலிப்பது, முன்பு செய்தவற்றைச் செய்ய முடியாமல் போவது, ஸ்பூனால் சாப்பிடுவதே சிரமமாக இருப்பது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அவர், எழுதுவது, உண்பது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்புவார்; அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் (DEIC) இந்தப் பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது. அப்படி எதுவும் இல்லையென்றால், இந்த விளையாட்டுகளை நாள்தோறும் கால் மணி நேரம் செய்யவைத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். அதுவரை வீட்டு எழுத்து வேலையைக் குறைக்கும்படி வகுப்பாசிரியையிடம் இந்தப் பதிலையே காட்டிக் கேளுங்கள்.